கேரளாவுக்காக ஜெபித்த என் கணவர்

முல்லைப் பெரியாறு அணைத் தகராறு சூடாக இருந்த வருடம் அது. தொலைக்காட்சியைப் போட்டால் ஒரு பக்கம் குண்டுவெடிப்பு, இன்னொரு பக்கம் கலவரம். தேசத்துக்காக ஒரு சனிக்கிழமை உபவாச ஜெபம் வைப்பது என்று எங்கள் சபைப் போதகர் முடிவு செய்தார். ஆளுக்கு ஒரு மாநிலம். ஒருவர் பின் ஒருவராக அரை மணி நேரம் வாய்விட்டு ஜெபிக்க வேண்டும். பெயர்களைச் சீட்டில் எழுதிக் குலுக்கும் வேலை டீச்சர் என்பதால் என் தலையில் விழுந்தது.

எனக்கு மணிப்பூர் வந்தது. என் கணவர் சீட்டைப் பிரித்தார், முகம் சுண்டிப்போயிற்று. கேரளா.

உத்தமபாளையத்தில் அந்த அணைத் தண்ணீரை நம்பி எங்களுக்கு நெல் வயல். அணையில் எத்தனை அடி தண்ணீர் என்று கேட்காமல் அவர் பல்கூடத் தேய்க்கமாட்டார்.

"யாராச்சும் மாத்திக்கிறீகளா? பீகாருன்னாலும் சரி" என்று பெஞ்சு பெஞ்சாகப் போனார். கோவா கிடைத்தவர் சீட்டை பைபிளுக்குள் ஒளித்துக்கொண்டார்.

"கர்த்தர் குடுத்த சீட்டுங்க, மாத்தக்கூடாது" என்றார் போதகர்.

"கர்த்தர் எங்கன குடுத்தாரு? என் பொண்டாட்டில்ல எழுதுனா!"

வேறு வழியில்லாமல் முழங்கால் போட்டார். "கர்த்தாவே, கேரளாக்காரவுகளுக்கு நல்ல புத்தியக் குடும். அணை பலமாத்தான் இருக்குன்னு அவுகளுக்கு வெளங்கப் பண்ணும்..." முன்வரிசையில் இருந்த போதகரின் மனைவி கோட்டயத்துக்காரர். தொண்டையைக் கனைத்தார்.

பத்து நிமிடத்தில் அணை விஷயம் தீர்ந்துவிட்டது. இன்னும் இருபது நிமிடம் பாக்கி. அவர் ஒரு கண்ணைத் திறந்து சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டார்.

"கர்த்தாவே, குமுளி பஸ் ஸ்டாண்டுகிட்ட டீக்கடை வச்சிருக்காரே ஒருத்தரு, ஒமக்குத் தெரியும். நான் ஏலக்காய் ஏவாரம் பாத்த காலத்துல காய்ச்சலோட போயி நின்னேன். பெஞ்சுல படுக்கப் போட்டு சுக்குக் காப்பி குடுத்தாரு. பாவம், குனிஞ்சு கிளாஸ் கழுவ முடியாம முதுகு வலிம்பாரு..."

தேம்பித் தேம்பி அழுதார். அரை மணி முடிந்தும் நிறுத்தவில்லை. டீக்கடையில் இருந்து ஜீப் டிரைவருக்குப் போனார். அங்கிருந்து டிரைவரின் ஆட்டுக்கு.

கடைசியில் போதகரின் மனைவிதான் எழுந்து போய்த் தோளைத் தொட்டார். "சேட்டா, மதி, போதும். கஞ்சி ஆறிப்போச்சு."

கடைசி முறை என்னுடையது. மணிப்பூருக்கு எனக்கு மிஞ்சியது மூன்று நிமிடம்.

திங்கட்கிழமை முதல் பஸ் பிடித்துக் குமுளிக்குப் போனவர் சாயங்காலம் கையில் மரவள்ளிக் கிழங்குப் பையோடு திரும்பினார்.

"என்னங்க, டீக்கடைக்காரவுக எப்படி இருக்காக?"

"கடையில மருமகன்தான் இருக்காரு. இந்தக் கிழங்கு அவரு குடுத்ததுதான். மாமனார் துபாய்க்குப் போயி வருசம் ஒண்ணாச்சாம். முதுகுவலி போன எடம் தெரியலையாம்."

"நல்லதுதானங்க?"

"நல்லதுதான். ஆனா நான் கேக்குறதுக்கு முந்தியே கர்த்தர் முடிச்சுட்டாரே" என்று குறைப்பட்டுக்கொண்டார்.

கிழங்கை அன்றைக்கே அவிக்கச் சொன்னார். எவ்வளவு விறகு வைத்தும் அது வேகவே இல்லை. "நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிச் சொல்லிக் கடித்துத் தின்றார்.