குதிரைக்கு உடைத்த தேங்காய்

சனிக்கிழமை காலை பத்து மணி பத்து நிமிடம். லாயத்து வாசலில் அண்ணாவின் கார் வந்து நின்ற அந்த நேரத்திலிருந்துதான் எல்லாம் பிழையாய்ப் போகத் தொடங்கியது. வென்ட்வேர்த்வில் தமிழ்க் கடைப் பையோடு இறங்கினார். உள்ளே தேங்காய், கற்பூரம், தேசிக்காய். என் மகள் தன் குதிரையில் முதன்முறையாக அடைப்புக்கு வெளியே சவாரி போகப்போகிறாள் என்று கேள்விப்பட்டு வந்திருந்தார்.

“அண்ணா, இது கார் இல்லை” என்றேன்.

“காருக்கே உடைக்கிறனாங்கள். உயிருள்ள சாமானுக்கு உடைக்காமல் விடுறதோ? என்னடா, நீயும் வெள்ளைக்காரன் ஆயிட்டியோ?”

சின்னச் சத்தத்துக்கும் அது மிரளும் என்று விளக்கினேன். “ஓம் ஓம், உடைக்கேல்லை” என்று பையைத் திரும்பக் காருக்குள் வைத்தார்.

பந்தயத்திலிருந்து கழித்துவிடப்பட்ட பெண்குதிரை அது. வந்த புதிதில் காற்றில் அசையும் சாக்குக்கே நடுங்கி வியர்க்கும். பத்தொன்பது வயது மகள், படிப்பு போக மிஞ்சிய நேரமெல்லாம் அதோடுதான் நின்றாள். தடியின் நுனியில் பிளாஸ்டிக் பையைக் கட்டித் தூரத்தில் நின்று மெல்ல அசைப்பாள். குதிரை தலையைத் தாழ்த்தி, வாயை மெல்லுவதுபோல் அசைத்து, ஒரு காதை அவள் பக்கம் திருப்பியதும் உடனே நிறுத்துவாள். அடுத்த நாள் ஓரடி கிட்டப் போவாள். பிறகு குடை, பிறகு சருகுக் குவியல். “பயப்படாதே என்று அதற்குச் சொல்ல முடியாது. பயந்தால் உன்னிடம் வரலாம் என்று மட்டும் காட்டு” என்பார் அவளுடைய பயிற்சியாளர். நான் காருக்குள் இருந்து ஸ்டியரிங்கை இறுகப் பிடித்தபடி பார்ப்பேன். எனக்கு அப்படிக் காட்ட ஒருவரும் இருக்கவில்லை.

அன்று அவள் ஏறி உட்கார்ந்து, மூச்சை நீளமாக விட்டாள். குதிரையும் விட்டது. வாசலைத் தாண்டி நாலைந்து எட்டு வைத்திருக்கும். பின்னால் கல்லில் தேங்காய் சிதறியது.

போரில் ஷெல் விழுந்த ஊரில் வளர்ந்தவர் அண்ணா. திடீர்ச் சத்தத்துக்கு உடம்பு எப்படித் துள்ளும் என்று அவருக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. அதனால்தான் இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.

மகள் புல்லில் விழுந்தாள். மணிக்கட்டு வீங்கியது, வேறொன்றுமில்லை. குதிரை கம்பி வேலிக்குள் பாய்ந்து, முன்னங்கால் முறிந்து நின்றது. பயிற்சியாளர் தூரத்திலிருந்தே காலைப் பார்த்தார். இந்தக் கால் இனிச் சேராது, குதிரையை நோகாமல் சாகவிடுவது ஒன்றுதான் இருக்கிறது, அதை மிருக வைத்தியர் வந்துதான் செய்யவேண்டும் என்றார். பயிற்சியாளரையும் குதிரை கிட்ட விடவில்லை. ஓர் அடி வைத்தாலே முறிந்த காலோடு கம்பியை இழுத்தது. மகள் எழுந்து, முகம் கொடுத்துப் பேசியபடி போனாள். அவளுக்கு மட்டும் நின்றது.

காத்திருந்த நேரத்தில் அண்ணா என் தோளைத் தொட்டார். “பிள்ளைக்கு வந்த கண்டம் குதிரையோட போயிட்டுது. தேங்காய் உடைச்சபடியால் தப்பினாள்.” இப்போதும் கலியாண வீடுகளில் இதைத்தான் சொல்கிறார். கேட்பவர்கள் தலையாட்டுகிறார்கள். அவர் எங்கள் வீட்டுக்கு வந்தால் மகள் அறையைவிட்டு வெளியே வருவதில்லை. “பெரியப்பாவோட கதைக்கமாட்டியோ?” என்று ஒருமுறை கேட்டேன். “நோ, அப்பா” என்றாள். அவ்வளவுதான்.

அன்று கடைசியில் மிருக வைத்தியர் வந்தார். வயதானவர். பெட்டியைத் திறக்குமுன் எங்களை ஒவ்வொருவராகப் பார்த்து, குதிரை யாருக்கு அசையாமல் நிற்கும் என்று கேட்டார். மகள் வீங்காத கையை உயர்த்தினாள். நான் அவளை இழுத்துக்கொண்டு போய்விட நினைத்து முன்னே போனேன். அவர் என்னை மறித்து, ஆங்கிலத்தில், மிகவும் மெதுவாகச் சொன்னார்:

“அவள் நிற்கட்டும். நீங்கள் எல்லோரும் போய்விடுங்கள்.”