தம்பி விளையாடி நிறுத்திய இடம்

பழைய வீடியோ கேம் சேகரிக்கும் நாங்கள் இன்று புதுக்கோட்டையில் கூடினோம். எங்களில் ஒருவர் காலி அட்டைப்பெட்டி மட்டும் சேர்ப்பார். இன்னொருவருக்கு உடைந்த ஜாய்ஸ்டிக்கே போதும். யார் வந்தாலும் வாங்க என்போம்.

இன்று ஜெகதாப்பட்டினத்திலிருந்து ஓர் அக்கா புதிதாக வந்தார். கையில் ஒரே ஒரு கேம் கேசட்.

நண்பர் ரவி அதை வாங்கி மெஷினில் செருகினார். பழைய கேசட் கைக்கு வந்தால், முந்தைய ஆள் விளையாடி சேவ் செய்ததை அழிப்பதுதான் எங்கள் முதல் வேலை.

"பழைய சேவ் கெடக்குங்க, அழிச்சிரவா?"

"ஐயோ, வேண்டாங்க!" அக்கா எழுந்தே விட்டார். "அது எந்தம்பி வெளையாண்டது. கடலுக்கு மீன் பிடிக்கப் போனவன, எல்லை தாண்டிட்டாங்கன்னு படகோட பிடிச்சு வச்சிருக்காங்க. எப்ப விடுவாங்கன்னு தெரியல. நேத்து இதப் போட்டப்ப அவன் பேரே வரல. ரெண்டாந்தடவதான் வந்துச்சு."

ரவி மெஷினை அணைத்து, கேசட்டை எடுத்து என்னிடம் நீட்டினார்.

சேவ் நிற்பது கேசட்டுக்குள் இருக்கும் சின்ன பேட்டரியால். அக்கா சரி என்ற பிறகு கேசட்டைத் திறந்து பேட்டரியில் மீட்டரை வைத்தேன். முள் பாதிகூட ஏறவில்லை. புது பேட்டரி போடலாம். ஆனால் பழையதை எடுக்கும் நொடியிலேயே தம்பியின் பெயரும் போய்விடலாம்.

"அவன் வர்ற வரைக்கும் தாங்குமாங்க?"

ரவி அவர் போனை வாங்கி, நம்முடைய இந்த குரூப்பில் அவரைச் சேர்த்தார்.

சேவ் போகாமல் பேட்டரி மாற்றியவர்கள் கமெண்டில் சொல்லுங்கள். போய்விட்ட கதைகள் இன்றைக்கு வேண்டாம். அக்காவும் வாசித்துக்கொண்டிருக்கிறார்.