முடிச்சோடு கட்டிய சுங்குடி

கையால் செய்த துணியைத் தவிர இனி வேறு எதையும் வாங்க மாட்டேன் என்று குடும்ப வாட்ஸ்அப் குழுவில் சபதம் போட்டது நான்தான். செய்தவருக்கு நியாயமான கூலி, துணிக்கு நீண்ட ஆயுசு என்று பக்கம் பக்கமாக எழுதினேன். அந்த வாரமே ஒரு வளைகாப்புக்கு நான் பெருமையாகக் கட்டிப்போன சுங்குடிச் சேலையைப் புரட்டிப் பார்த்த என் மதினி, கணவரின் அக்கா, "ஏத்தா, இது மிஷின்ல அடிச்ச பிரிண்டு" என்று சபையில் சொல்லிவிட்டார். உண்மைதான், ஏமாந்திருந்தேன். மானம் போனது.

விடுவேனா? சுங்குடிக்குப் பேர்போன சின்னாளபட்டிக்கே போனேன். சேலையில் புள்ளி புள்ளியாக நூல் முடிச்சுப் போட்டுச் சாயத்தில் முக்குகிற ஒரு பெண்ணிடம் வாங்கினேன். முடிச்சுக்குள் சாயம் ஏறாது, அவிழ்த்தால் வெள்ளைப் புள்ளி. அசல் என்று தெரிய முடிச்சோடுதான் கொடுப்பார்கள்.

"ரெண்டு பேரு ஆளுக்கொரு பக்கம் பிடிச்சு வெடுக்குனு இழுங்கக்கா, உதுந்துரும். அவுத்துட்டுத்தான் கட்டணும்" என்றார்.

சரி சரி என்று தலையை ஆட்டினேன். அவிழ்ப்பேனா? அத்தனையும் சாட்சியாச்சே!

கொடைரோட்டில் ஒரு காதுகுத்து. முடிச்சோடேயே கட்டினேன். சுருங்கிக் கிடந்த சேலை கணுக்காலுக்கு மேலேயே நின்றுவிட்டது. கொசுவம் விறைத்துக்கொண்டு முன்னால் நீண்டது. உடம்பெல்லாம் குத்தியது.

"பலாப்பழத்த பைக்குல ஏத்திட்டுப் போற மாதிரி இருக்கு" என்றார் கணவர்.

"ரோட்டப் பாத்து ஓட்டுங்க" என்றேன்.

மண்டபத்தில் மதினி என்னை ஒரு சுற்று சுற்றி வந்தார். "என்னத்தா, சேலைக்கு அம்மை போட்டுருக்கு?"

"முடிச்சு மதினி! அம்புட்டும் கையால கட்டுனது. இப்பச் சொல்லுங்க, இது பிரிண்டா?"

ஒன்றை நகத்தால் நெம்பினார். நூல் தெறித்தது, உள்ளே பளிச்சென்று வெள்ளைப் புள்ளி. "அட, அசலுதான்!" என்றார். ஐயோ, அந்தச் சந்தோஷத்தை எப்படிச் சொல்ல! குஷியில், "இந்தாங்க, இன்னொண்ணு" என்று முந்தானையை நானே நீட்டினேன். அங்கேதான் கெட்டது.

மதினி எல்லாரையும் கூப்பிட்டுவிட்டார். அறைக்குள் இழுத்துப்போய், யாருடைய நைட்டியையோ எனக்கு மாட்டிவிட்டு, பத்துப் பெண்கள் சேலையை இழுத்தார்கள். படபடவென்று நூல் உதிர்ந்தது. வெளியே காது குத்த வேண்டிய பிள்ளை தூங்கியே போனது. திரும்பக் கட்டியபோது சேலை பாதம்வரை வந்தது. வழவழவென்று, அவ்வளவு அழகு. ஆனால் என் சாட்சி எல்லாம் குப்பைக்கூடையில்.

பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்த சித்தி மாமியார், வத்தலகுண்டிலிருந்து தாமதமாக வந்தவர், சேலையைத் தடவினார். "நல்லாருக்கே. பிரிண்டா?"

நான் வாயைத் திறப்பதற்குள் மதினி பாய்ந்துவந்து முந்தானை ஓரத்தைத் தூக்கிக் காட்டினார். அங்கே ஒரே ஒரு முடிச்சு. "கைவேலை சித்தி. இவ சண்டைக்காரி, எவளாச்சும் கேட்டா காட்டட்டும்னு நான்தான் இத மட்டும் அவுக்கவிடல." எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"அப்பிடியா?" என்று சித்தி அதையும் நெம்பினார். நூல் ரசத்தில் விழுந்தது.

"ஆமா, அசலுதான்" என்றார்.