வயிற்றுக்குக் கிடைத்த சீட்

இரண்டு வருடங்களுக்கு முன்பு, ஒரு கார்த்திகை மாதம் இது நடந்தது. என் கணவர் கேரள மின்வாரியத்தில் லைன் வேலை பார்ப்பவர். பாலக்காட்டுப் பக்கம் எலப்புள்ளியிலிருந்து மூணாறுக்குப் பக்கத்திலுள்ள சித்திரபுரத்துக்கு அவருக்கு மாற்றலாகி, குவார்ட்டர்ஸில் குடியேறிச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. மகள் கோயம்புத்தூரில் நர்சிங் படிக்க ஹாஸ்டலுக்குப் போய்விட்டாள். வீட்டில் சும்மா இருக்கப் பிடிக்காமல் மூணாறில் ஒரு தையல் கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய எனக்குத் தெரிந்த தொழில் அது ஒன்றுதான்.

எனக்கு இயல்பிலேயே கூச்சம் அதிகம். புது ஊரில் அது இன்னும் கூடிவிட்டது. நாங்கள் பேசுவது கோயம்புத்தூர்ப் பக்கத்துத் தமிழ். இங்கே எஸ்டேட் ஜனங்கள் பேசுவது மதுரை, திருநெல்வேலிப் பக்கத்துத் தமிழ். வேலைக்குப் போன முதல் நாள் பஸ்ஸில், "ஏனுங்க, மூணாறு எப்பங்க வரும்?" என்று நான் கேட்டதும் பின்னாலிருந்த பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அவர்கள் சிரிப்பில் கெடுதல் எதுவும் இல்லை. ஆனாலும் அன்றிலிருந்து பஸ்ஸில் வாய் திறப்பதையே விட்டுவிட்டேன்.

இன்னொரு கூச்சம் என் வயிறு. மகள் ஆபரேஷனில் பிறந்தவள். அதற்குப் பிறகு அடிவயிறு பழைய நிலைக்குத் திரும்பவே இல்லை. கை, கால், முகமெல்லாம் ஒல்லி. தொப்புளுக்குக் கீழே மட்டும் தனியாக முன்னால் தள்ளிக்கொண்டு நிற்கும். தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்தால் அது மடியில் வந்து விழும். அடுத்தவர்களின் சுடிதாருக்கு இடுப்பைப் பிடித்துத் தைத்துக் கொடுக்கும் நான், எனக்கு மட்டும் பை மாதிரி தொளதொளவென்று தைத்துப் போட்டுக்கொள்வேன். அதுதான் வினையானது என்று பிறகு புரிந்தது.

அந்தக் கார்த்திகையில் ஒரு நாள் காலை பஸ்ஸில் நல்ல கூட்டம். வளைவுகளில் நிற்க முடியாமல் கம்பியைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் வயிற்றைத் தாங்கிக்கொண்டு நின்றேன். கண்டக்டர், "ஒரு கர்ப்பிணி நிக்குந்நுண்டு, ஆரெங்கிலும் ஒந்நு எழுந்நேல்க்கூ" என்று, யாராவது எழுந்து இடம் கொடுக்கச் சொல்லி மலையாளத்தில் சத்தம் போட்டார். யார் அந்தக் கர்ப்பிணி என்று நானும் திரும்பிப் பார்த்தேன். பார்த்தால், எல்லோரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

முன் சீட்டிலிருந்த ஒரு அக்கா எழுந்து என் கையைப் பிடித்து இழுத்தார். ஐம்பத்தைந்து வயதிருக்கும். மூணாறில் ஒரு லாட்ஜில் துப்புரவு வேலை செய்பவர்.

"இங்கன உக்காரு தாயி. இம்புட்டு வயித்த வச்சிக்கிட்டு நிக்கிறியே! எத்தன மாசம்?"

எனக்கு அப்போது நாற்பத்து நான்கு வயது. இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். பஸ் முழுக்கக் காது கொடுத்துக்கொண்டிருந்தது. "இல்லீங்க, இது தொப்பைங்க" என்று அத்தனை பேர் முன்னால் எப்படிச் சொல்வது! தலையைக் குனிந்துகொண்டேன்.

"அட, எதுக்கு வெக்கப்படுற?" என்றார் அக்கா. "எங்க ஊட்ல எங்க மாமியாவும் நானும் ஒரே மாசத்துல பெத்தோம். ரெண்டு பேருக்கும் ஒரே பத்தியக் கொழம்பு. அவுகளே வெக்கப்படல, உனக்கென்ன?"

பஸ்ஸே சிரித்தது. நானும் சிரித்துவைத்தேன். அதோடு முடிவாகிவிட்டது.

மறுநாள் நான் ஏறும்போதே ஜன்னலோர சீட் காலியாக இருந்தது. எங்கள் ஸ்டாப்பில் காலையில் நான் ஒருத்தி மட்டும்தான் ஏறுவேன் என்பதால் உண்மையைச் சொல்லவும் ஆளில்லை. அந்த பஸ்ஸில் ஒரு வழக்கம் உண்டு. வயிற்றுப் பிள்ளைக்காரி ஏறினால் அவள் எல்லோருக்கும் பொறுப்பு. வளைவில் குமட்டாமல் இருக்க ஒருவர் எலுமிச்சம்பழம் கொண்டுவருவார், ஒருவர் உப்பில் ஊறிய நெல்லிக்காய். அந்த அக்கா தினமும் ஒரு பொட்டலம் அவித்த கடலை கொண்டுவந்து என் மடியில் வைப்பார். சில நாள் கப்பை எனும் மரவள்ளிக்கிழங்கு, சில நாள் வெல்லம் வைத்த கொழுக்கட்டை. "ரெண்டு உசுருக்குத் திங்கணும்" என்று நான் மென்று முடிக்கும் வரை பார்த்துக்கொண்டே நிற்பார்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அந்த நாட்களில்தான் நான் வயிற்றைக் குறைக்கப் புறப்பட்டிருந்தேன். என்ன சாப்பிட வேண்டும், என்ன கூடாது என்று மகள் போனில் சொல்லிக்கொடுத்திருந்தாள். வீட்டில் அரைவயிறாகச் சாப்பிட்டுவிட்டு பஸ்ஸில் ஏறி முழுவயிறாகச் சாப்பிட்டேன். வயிறு இன்னும் கொஞ்சம் பெருத்தது. "நல்லா எறங்கிருச்சு, பையந்தான்" என்று பின் சீட்டில் பேசிக்கொண்டார்கள்.

கணவரிடம் சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவருக்குப் புரையேறிவிட்டது.

"ஏம்புள்ள, நாளைக்கு அந்தக் கண்டக்டர் என்னைப் பார்த்து வாழ்த்துச் சொன்னா நான் என்னான்னு முழிக்கறது? போயி உள்ளதைச் சொல்லீரு."

சொல்ல நினைத்துத்தான் தினமும் ஏறுவேன். ஒரு வாரம் கழித்துச் சொன்னால், ஒரு வாரம் ஏன் சொல்லவில்லை என்று கேட்பார்களே! மாதம் ஒன்று போன பிறகு சொல்லும் வழியே அடைத்துவிட்டது. தை பிறந்ததும் ஒரு முடிவுக்கு வந்தேன். அந்த பஸ்ஸே வேண்டாம். சீக்கிரம் எழுந்து, தேயிலைக்கு நடுவே போகும் குறுக்குப் பாதையில் ஏறி, மெயின் ரோட்டில் அடிமாலியிலிருந்து வரும் பஸ்ஸைப் பிடிக்க ஆரம்பித்தேன். திரும்பும்போதும் அங்கேயே இறங்கி நடந்தேன்.

உடம்புக்காக என்று சொல்லியிருந்தால் நான் நடந்திருக்கவே மாட்டேன். வெட்கத்துக்காக நடந்தேன். முதலில் பத்தடிக்கு ஒரு தடவை நின்று மூச்சு வாங்கும். மாசி, பங்குனியில் நிற்காமல் ஏறப் பழகிவிட்டது. சர்க்கரை போடாத சாயா முதலில் கஷாயம் மாதிரி இருந்தது, பிறகு அதுவே பிடித்துப்போனது. சோற்றைப் பாதியாக்கி, பயறும் கீரையும் முட்டையும் சேர்த்துக்கொண்டேன். இரவுச் சாப்பாட்டை விளக்கு வைத்த கையோடு முடித்தேன். கடையில் நாலு மணிக்கு வரும் பழம்பொரியை, அந்த நேந்திரம்பழ பஜ்ஜியை, விடுவதுதான் பெரும்பாடாக இருந்தது. அந்த எண்ணெய் வாசம் வரும்போது எழுந்துபோய்க் காஜா எடுக்கும் துணிகளை மடித்து வைப்பேன்.

போனில் வீடியோ பார்த்து, படுத்தபடி தலையைத் தூக்கித் தூக்கி எழும் பயிற்சி செய்ததில் முதுகு பிடித்துக்கொண்டது. மகள் திட்டினாள். "ஆபரேஷன் பண்ணுன வயிறும்மா, அப்படி இழுக்கக் கூடாது. வயிறு மட்டும் தனியாக் குறையாது. மொத்த உடம்பும் எறங்குனாத்தான் கடைசியா அது எறங்கும்" என்றாள். பிறகு அவள் காட்டியபடி, மூச்சை விட்டு அடிவயிற்றை உள்ளே இழுத்துப் பிடிப்பது, ஒவ்வொரு காலாக மெல்லத் தூக்கி இறக்குவது என்று பாயில் படுத்துச் செய்தேன். அவள் சொன்னதுபோலவே ஆனது. முதலில் கன்னம் ஒட்டியது. சுகர் இருக்கிறதா என்று குவார்ட்டர்ஸில் விசாரித்தார்கள். பிறகு கை. வயிறு மட்டும் அசையாமல் இருந்தது. விட்டுவிடலாம் என்று நினைத்த ஒரு நாளில், சுடிதார் நாடாவின் முடிச்சு வழக்கத்தைவிடத் தள்ளி விழுவதைக் கவனித்தேன். யாரிடமும் சொல்லவில்லை. அன்று முழுக்க மெஷின் மிதிக்கும்போது உள்ளுக்குள் பாட்டாக இருந்தது.

ஆடி மாத மழையில் குறுக்குப் பாதையில் மண் சரிந்து வழி அடைபட்டது. பழைய பஸ்ஸைத் தவிர வேறு வழியில்லை. எனக்கு அதில் பெரிய பயமும் இல்லை. அரை வருடத்துக்கும் மேல் ஆகிவிட்டது, யாருக்கு நினைவிருக்கப் போகிறது! இடுப்பைப் பிடித்துத் தைத்த புது சுடிதார் ஒன்றை முதல் தடவையாகப் போட்டுக்கொண்டேன். கண்ணாடியில் இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் கிளம்பினேன்.

படியேறினேன். முன் சீட்டில் அதே அக்கா. என்னைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்த விதத்தை என்னால் எழுதிக் காட்ட முடியாது.

"வந்துட்டியா தாயி! உன்னையக் காணமேன்னு எம்புட்டுத் தவிச்சேன். என்ன புள்ள? பொண்ணா, பயலா? யாருகிட்ட விட்டுட்டு வந்த?"

பெண்கள் பக்கம் முழுவதும் திரும்பியது. எப்போதும் செய்வதைத்தான் செய்தேன். தலையைக் குனிந்துகொண்டேன்.

முதல் நாள் அந்தக் குனிந்த தலை 'ஆமாம்' என்று சொல்லிவிட்டது. இன்று அது என்ன சொல்கிறது என்பது எனக்கு உறைக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. பின் சீட்டில் யாரோ உச்சுக் கொட்டினார்கள். அக்காவுக்குப் பக்கத்திலிருந்த பெண் எழுந்து எனக்கு இடம் விட்டாள். பையிலிருந்து கைக்குட்டையை எடுக்கப் போன அக்காவின் விரலோடு ஏதோ சேர்ந்து வந்தது. மஞ்சள் கம்பளி நூலில் பின்னிய சின்னக் குல்லா. உச்சியில் ஒரு குஞ்சம். என் பார்வை அதில் பட்டுவிடக் கூடாதென்று அவசரமாகப் பைக்குள் திணித்துக்கொண்டு, என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

"நான் கேக்கல, விடு" என்றார் மெதுவாக. "எனக்கும் ஒண்ணு அப்படித்தான் போச்சு. ஆறாம் மாசம். கொழுந்து பறிக்கையில, தேயிலைக் காட்டுலயே. யாரும் ஒண்ணும் கேக்காம இருந்தாத் தேவலன்னுதான் எனக்கும் இருந்துச்சு."

அவர் கண் கலங்கியிருந்தது. இல்லாத பிள்ளைக்காக அவர் தன் பழைய துக்கத்தைத் திறந்துவிட்டார். இதற்கு மேலும் நான் சும்மா இருந்தால் நான் மனுஷியே இல்லை என்று தோன்றியது.

"அக்கா, புள்ளையே இல்லீங்க" என்றேன். குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. "எப்பவுமே இல்லீங்க. அது வெறும் தொப்பைங்க அக்கா. சொல்லக் கூச்சமா இருந்துச்சு. அப்பறம் சொல்ல முடியாமயே போயிருச்சுங்க."

என் கையை விட்டுவிட்டார். ஒரு வளைவு முழுவதும் ஜன்னலுக்கு வெளியே மூடுபனியைப் பார்த்துக்கொண்டே வந்தார். அடிப்பார் என்றுகூட நினைத்தேன். அடித்தால் வாங்கிக்கொள்ளலாம் என்று இருந்தேன்.

"அப்ப, எதுவும் சாகலல்ல?" என்று கேட்டார்.

"இல்லீங்க அக்கா."

பெரிதாக ஒரு மூச்சு விட்டார். பிறகு என் தொடையில் பளாரென்று ஒன்று வைத்தார்.

"அடி சண்டாளி! எம்புட்டுக் கடல அவிச்சுக் கொண்டாந்தேன்!"

"அத்தனையும் இங்கதானுங்க இருந்துச்சு" என்று வயிற்றைத் தொட்டுக் காட்டினேன். "அதைக் கரைக்கத்தானுங்க மலையேறினேன்."

பஸ் குலுங்கிச் சிரித்தது. விஷயம் புரிந்த கண்டக்டர், "அப்போ சேச்சிக்கு இனி சீட் இல்லா கேட்டோ" என்றார். அத்தனை பேர் நடுவில் நான் வேடிக்கையாகப் பேசி மற்றவர்களைச் சிரிக்கவைத்தது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

மூணாறில் இறங்கும்போது அக்கா என்னைத் தனியாக நிறுத்தினார். சிரிப்பு போயிருந்தது. "நல்லபடியாப் பெத்துப் பொழைக்கணும்னு எஸ்டேட்டுக் கோயில்ல உனக்கு வெளக்குப் போட்டேன் தாயி. மொத நாளே ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?" என்றார். மன்னிப்புக் கேட்டேன். அந்தக் குல்லாவை எனக்குத் தரும்படியும் கேட்டேன். "இது புள்ளைக்குப் பின்னுனது. இந்த பஸ்ஸுக்கு வேற வயிறு வரும்" என்று சொல்லிவிட்டு லாட்ஜ் பக்கம் நடந்தார். சில நாட்கள் என்னோடு சரியாகப் பேசவில்லை. பிறகு ஒரு நாள், வயிற்றைக் குறைக்க என்ன செய்தாய் என்று அவரே கேட்டார். அன்றிலிருந்து நாங்கள் சிநேகிதம்.

பாதை சரியான பிறகும் காலையில் அந்த பஸ்ஸில்தான் போகிறேன். நடையை மாலைக்கு வைத்துக்கொண்டேன். ஆபரேஷன் தழும்புக்கு மேலே சின்ன மடிப்பு ஒன்று இன்னும் இருக்கிறது, இருந்துவிட்டுப் போகட்டும். போன மாதம் ஒரு இளம்பெண் வயிற்றைத் தாங்கிக்கொண்டு ஏறினாள். அக்கா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு அவளிடம், "ஏத்தா, இது புள்ளையா, கடலையா?" என்று கேட்டார். எங்கள் பஸ்ஸில் இப்போது அப்படித்தான் கேட்கிறார்கள். அந்தப் பெண் விழித்துவிட்டு, "புள்ளதான். ஏழாம் மாசம்" என்று வாய் திறந்து சொன்ன பிறகுதான் பையிலிருந்து குல்லா வெளியே வந்தது.

கூச்சம் என்னை விட்டுப் போய்விடவில்லை. யாராவது ஏதாவது கேட்டு, தலை தானாகக் குனியப் போகும் நேரத்தில், அந்த மஞ்சள் குல்லாவை என் கண்ணில் படாமல் பைக்குள் திணித்த அந்தக் கை நினைவுக்கு வரும். எப்படியோ வாயைத் திறந்து உள்ளதைச் சொல்லிவிடுகிறேன்.