ஒரு கேள்விக்காகப் பூட்டிய வீடு

போன வருடம் புங்குடுதீவில் நடந்தது இது. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மென்பொருள் எழுதுகிறவர்களும் எழுதப் பழகுகிறவர்களும் அங்கே ஒரு வீட்டில் கூடுவோம். நான் புளியங்கூடலில் இருந்து பஸ் ஏறிப் போவேன். அம்மா படுத்த படுக்கை. ஞாயிறு மட்டும் தம்பி பார்த்துக்கொள்வான். மற்ற நாட்களில் அம்மாவை விட்டு வேலைக்குப் போக வழியில்லை. வீட்டிலிருந்தே செய்யக்கூடிய தொழில் ஒன்று கைக்கு வந்தால்தான் உண்டு. அதைப் பழக எனக்கு வேறு இடமும் இல்லை.

கூட்டத்தை நடத்தியவள் ஒரு இளம்பெண். எங்கள் எல்லோருக்கும் அவள் 'தங்கச்சி'. வீடு அவளுடைய தாய்மாமனுடையது. அவர் வெளிநாட்டில்; வீட்டைப் பூட்டித் திறக்கும் திறப்பு இவள் கையில். நாங்களே பேசி வைத்துக்கொண்ட ஒழுங்குகள் சில இருந்தன. காசு வாங்குவதில்லை. யாரும் எதையும் விற்க வரக்கூடாது. பிரதம விருந்தினர், பொன்னாடை ஒன்றும் கிடையாது. வருகிறவர் எவரானாலும் உட்காரும் கதிரைகளைத் தூக்கிப் போட வேண்டும். எங்கள் ஊர்களில் பொன்னாடை இல்லாத கூட்டம் என்றால் யாரும் நம்பமாட்டார்கள்! எல்லாவற்றையும்விட முக்கியமாக, கேள்வி கேட்பவரைப் பார்த்துச் சிரிக்கக்கூடாது.

அந்த மாதம் மாமா விடுமுறையில் வந்திருந்தார். வெளிநாட்டில் அவருக்குப் பெரிய மென்பொருள் வேலையாம்; அன்று கூட்டத்தில் அவர்தான் பேசினார். சும்மா சொல்லக்கூடாது, நன்றாகவே விளக்கினார். பலர் சேர்ந்து ஒரே நிரலை எழுதுவது பற்றிச் சொன்னபோது நான் கையை உயர்த்தினேன். "நான் எழுதினதை இன்னொராள் மாத்தினா, முதல் எழுதினது அழிஞ்சு போகாதோ?"

அவர் சிரித்தார். "இதுகூடத் தெரியாமல் என்னத்துக்கு வந்தனீர்? வீட்டிலை சமையலைப் பாத்திருக்கலாமே."

சிலர் அவரோடு சேர்ந்து சிரித்துவிட்டார்கள். எனக்கு முகம் எரிந்தது. இனி இந்தப் பக்கம் தலைவைத்தும் படுப்பதில்லை என்று மடிக்கணினியைப் பையில் வைத்துக்கொண்டு எழும்பினேன்.

"அக்கா, இருங்கோ" என்றாள் தங்கச்சி. பிறகு அவரிடம் திரும்பினாள். "மாமா, இங்கை கேள்வி கேக்கிற ஆக்களைப் பாத்துச் சிரிக்கிறேல்லை. அக்காட்டை மன்னிப்புக் கேட்டிட்டுத் தொடருங்கோ."

"என்ரை வீட்டுக்குள்ளை நிண்டு எனக்கே சட்டம் சொல்லுறியோ?"

"வீடு உங்கடை, மாமா. கூட்டம் எல்லாருக்கும் பொது."

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவள் திறப்பை எடுத்து மேசையில் வைத்துவிட்டு வெளியே நடந்தாள். சற்றுமுன் சிரித்தவர்கள் உட்பட எல்லோரும் பின்னால் வந்தார்கள். வீட்டுக்கு வெளியே ஒழுங்கையில் ஒரு வேம்பின் கீழ் நின்றுதான் என் கேள்விக்குப் பதில் சொன்னாள்.

"அழியாது அக்கா. ஆர் மாத்தினாலும் பழையது அப்பிடியே இருக்கும். வேணுமெண்டா திரும்ப எடுக்கலாம்."

இப்போது அந்த ஊர் வாசிகசாலையில் கூடுகிறோம். ஒரேயொரு மின்விசிறி; இணையம் நினைத்தால் வரும், நினைத்தால் போகும். எனக்கு வீட்டிலிருந்தபடியே சின்னச் சின்ன வேலைகள் கிடைக்கின்றன. மாமா அந்த வீட்டைப் பூட்டிவிட்டு வெளிநாடு திரும்பிவிட்டார்; அவர் வீட்டார் தங்கச்சியோடு இன்னும் பேசுவதில்லை.

பஸ் அந்த வீட்டைக் கடக்கும்போது வாசல் படலையில் தொங்கும் பூட்டு கண்ணில் படும். முன்பின் உறவில்லாத எனக்காக ஒரு பிள்ளை தன் தாய்மாமனையே பகைத்துக்கொண்டாளே என்று நெஞ்சு கனக்கும். அதனால்தான் இன்றும் கதிரை தூக்க முதல் ஆளாகப் போய் நிற்கிறேன்.