ஜெபத்துக்கு முன் ஒரு துண்டு

மெர்மெத் நடந்து நான் பார்த்ததில்லை. ஓடித்தான் பார்த்திருக்கிறேன். அடுப்பிலிருந்து மேசைக்கு, மேசையிலிருந்து கிணற்றுக்கு, கிணற்றிலிருந்து என் ரொட்டிக் கடைக்கு. "கொனின், பன்னெண்டு ரொட்டி. நேத்து மாதிரி அடி கருகினது வேணாம்" என்று வாசலில் நின்றே கத்துவாள். நேற்று எதுவும் கருகவில்லை என்று நான் வாயைத் திறப்பதற்குள் சந்தின் மறுகோடியில் இருப்பாள்.

சான் ஜெர்வேயில், ரோன் ஆற்றுக்கு இந்தப் பக்கம், எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரு சாக்கடைதான் எல்லை. அவள் அப்பா படகோட்டி. ஒன்பது வயதில் மகளைக் கோயில் குருமார்களின் சமையற்கட்டில் பாத்திரம் தேய்க்க விட்டார். பிஷப் இருந்தவரை குருமார்களுக்குச் சமைத்தாள். பிஷப் போய், பூசை ஒழிந்து, புதுச் சபைக்காரர்கள் கோயில் சுரூபங்களை உடைத்த பிறகு, உடைத்தவர்களுக்குச் சமைத்தாள். "ரெண்டு பேருக்கும் வயிறு ஒரே எடத்துலதாண்டி இருக்கு" என்பாள். கொள்ளைநோயில் கணவன் போனான். இரண்டு நாள் அழுதாள். மூன்றாம் நாள் யாரோ ஒருவருடைய மதுக்கடையில் அடுப்பு மூட்டப் போய்விட்டாள். எப்போதும் யாரோ ஒருவருடைய அடுப்புதான்.

அப்படி இருக்கும்போதுதான் ஒரு வசந்தத்தில் நகரத்து மதுக்கடைகள் எல்லாவற்றையும் ஒரே நாளில் சாத்தினார்கள். பெரிய போதகருடைய யோசனை, நகர மன்றத்தின் உத்தரவு. மதுக்கடைக்குப் பதிலாகப் பகுதிக்கு ஒன்றாக ஐந்து சாப்பாட்டு வீடுகள். குடிக்கலாம், சாப்பிடலாம், ஆனால் மேசைமேல் பிரெஞ்சு வேதாகமம் திறந்திருக்க வேண்டும். முன்னும் பின்னும் ஜெபம் சொல்லாதவனுக்குத் தட்டு வைக்கக் கூடாது. கெட்ட வார்த்தை, ஆட்டம், ஆபாசப் பாட்டு கிடையாது. மீறினவனை வீட்டை நடத்துகிறவரே பகுதி மூப்பரிடம் போய்ச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் வீடு பறிபோகும்.

எங்கள் பகுதியில் இதற்கு ஆள் வரவில்லை. தன் வாடிக்கைக்காரனையே காட்டிக்கொடுக்க யார் வருவார்கள்? பழைய கடைக்காரர் பக்கத்துச் சவோய் நாட்டு எல்லைக்கு அந்தப் பக்கம் போய் அங்கே கடை போட்டுவிட்டார். நாற்பது பேருக்கு ஒரே நேரத்தில் சமைக்கத் தெரிந்தவர் வேண்டும் என்று தேடினார்கள். மெர்மெத் போய் நின்றாள்.

"உனக்குப் படிக்கவே தெரியாதேடி, வேதாகமத்தை வச்சு என்ன பண்ணுவ?" என்று கேட்டேன்.

"தொறந்து வைக்கணும்னுதான் சொன்னாங்க. படிக்கணும்னு எனக்குச் சொல்லல." பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அந்த அடுப்பு என்னோடது கொனின். முப்பத்தேழு வருஷத்துல மொத தடவ, என்னோடது."

முதல் வாரம் பத்துப் பேர். இரண்டாம் வாரம் முப்பது. காரணம் வேதாகமம் இல்லை, பெருஞ்சீரகம் போட்டு அவள் செய்கிற பன்றித் தொத்திறைச்சி. படகோட்டிகள் ஜெபத்தை எப்படியோ பழகிக்கொண்டார்கள். ரொலே என்று ஒரு தடித்த படகோட்டி, அவள் அப்பாவோடு துடுப்புப் போட்டவனின் மகன், முழு ஜெபத்தையும் ஒரே மூச்சில் சொல்லி முடிப்பான்.

"என்னடா, கடவுளுக்கே புரியாது போலிருக்கே!" என்பாள் மெர்மெத்.

"அவருக்கு எல்லாம் முன்னாடியே தெரியும்க்கா. நீ தட்ட வை."

எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தது, மூப்பர் அம்ப்லார் சோதனைக்கு வருகிற வரைக்கும்.

அம்ப்லார் துணி வியாபாரி. ஊராரின் ஒழுக்கத்தை விசாரிக்கிற சபை மன்றத்தின் பன்னிரண்டு மூப்பர்களில் எங்கள் பகுதிக்கு உரியவர். கெட்டவர் இல்லை. அதுதான் அவரிடம் கஷ்டம். கெட்டவர் என்றால் ஒரு கோப்பை வைனில் முடிந்துவிடும். இவர் நிஜமாகவே நாங்கள் எல்லோரும் கரையேற வேண்டும் என்று கவலைப்பட்டுத் தூக்கம் கெட்டவர்.

ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், மழையில் நனைந்து, குளிரில் மூக்கு சிவந்து உள்ளே வந்தார். நான் அப்போதுதான் ரொட்டிக்கூடையை இறக்கிக்கொண்டிருந்தேன். கூடம் முழுக்கப் படகோட்டிகள். அவர் மூலைப் பலகையில் உட்கார்ந்து, மடியில் ஒரு சின்ன நோட்டை வைத்துக்கொண்டு, ஒவ்வொருவர் உதட்டையும் பார்க்க ஆரம்பித்தார். யார் முழுதாகச் சொல்கிறான், யார் முணுமுணுக்கிறான் என்று.

மெர்மெத்துக்குக் கை கால் ஓடவில்லை. நனைந்து வந்த மனுஷனைச் சும்மா உட்கார வைக்க அவளுக்குத் தெரியாது. முட்டைக்கோஸ் சூப்பும், நறுக்கிய தொத்திறைச்சியும், ஒரு துண்டு என் ரொட்டியும் அவர் முன்னால் வைத்துவிட்டு ஓடினாள்.

அம்ப்லாரின் கண் ரொலேயின் உதட்டில் இருந்தது. கை தட்டுக்குப் போயிற்று. ஒரு துண்டு வாய்க்குள் போயிற்று. மென்றார். கண் அடுத்தவன் உதட்டுக்கு நகர்ந்தது. கை மறுபடி தட்டுக்கு வந்தது.

கூடத்தில் சத்தம் ஒவ்வொரு மேசையாக அணைந்தது. கரண்டி எல்லாம் அந்தரத்தில் நின்றது. மெர்மெத் சூப்புப் பானையோடு நட்டநடுவில் சிலையாகிவிட்டாள்.

மூன்றாவது துண்டை அவர் விழுங்கியபோது ரொலே எழுந்து, தொப்பியைக் கழற்றி, கூரை அதிர, "ஆமென்!" என்றான்.

நாற்பது பேர் சிரித்த சிரிப்பு பாலத்துக்கு அந்தப் பக்கம் கேட்டிருக்கும். அம்ப்லார் திடுக்கிட்டு எழுந்தார். அவருக்குப் புரிந்தது ஒன்றுதான்: ஜெபத்தைப் பரிகாசம் பண்ணுகிறார்கள், மூப்பர் கண்முன்னாலேயே. முகம் வெளுத்து, ரொலேயின் பெயரை எழுதினார். மெர்மெத்தின் பெயரையும் எழுதினார். தட்டு பாதி காலியாக இருந்ததை அவர் திரும்பிப் பார்க்கவே இல்லை.

மறுநாள் காலையிலேயே சபை மன்றத்துச் சேவகன் வந்து நின்றான். வியாழக்கிழமை ஆஜராக வேண்டும். ரொலே ஜெபத்தைக் கேலி செய்ததற்கு. மெர்மெத் அதற்குத் தன் வீட்டில் இடம் கொடுத்ததற்கு. கூடத்தில் இருந்த என்னையும் சாட்சிக்கு.

"நான் பேசாம மன்னிப்புக் கேட்டுடறேன்க்கா. முட்டி போடச் சொன்னா போடறேன்" என்றான் ரொலே. தலை தொங்கிப்போயிருந்தது.

"நீ கேலி பண்ணேன்னு ஒத்துக்கிட்டா, என் வீட்டுல கேலி நடந்துச்சுன்னு ஆயிடும். என்னை வெளியில தள்ளிடுவாங்கடா."

"அப்ப என்னதான் சொல்றது?"

"நடந்தத."

"மூப்பர் மேலயே சொல்லப் போறியா?" என்றேன் நான். "அடியே, அவர் இல்லைன்னு சொன்னா நீ அவதூறு பேசினவ ஆயிடுவ. வீடும் போவும், கோயில்ல அப்பம் வாங்கற திருவிருந்துலயும் உன்னைச் சேக்க மாட்டாங்க."

அவள் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். கத்தி நிற்கவில்லை. "தெரியும்" என்றாள்.

வியாழக்கிழமை மூவரும் பாலத்தைத் தாண்டி, மேடேறி, பெரிய கோயிலை ஒட்டிய பழைய மடத்துக் கூடத்துக்குப் போனோம். நீள மேசைக்குப் பின்னால் ஒரு பக்கம் மூப்பர்கள், ஒரு பக்கம் போதகர்கள், நடுவில் நகர மன்றத் தலைவர், ஓரத்தில் எழுத்தர். பெரிய போதகருக்கு உடம்பு சரியில்லை, வரவில்லை. அது நல்லதா கெட்டதா என்று எனக்குத் தெரியவில்லை.

எழுத்தர் குற்றத்தை வாசித்தார். தலைவர் ரொலேயைக் கேட்டார். "நீ ஆமென்னு கத்தினியா?"

"கத்தினேன் ஐயா."

"எதுக்கு?"

ரொலே மெர்மெத்தைப் பார்த்தான். மெர்மெத் ஓர் அடி முன்னால் வந்தாள். ஏப்ரன் கட்டாமல் வந்திருந்தும், ஏப்ரன் இருக்கிற இடத்தில் கைகளைத் துடைத்தாள்.

"மூப்பர் ஐயா ஜெபம் பண்ணாம சாப்பிட்டாரு. அதுக்குத்தான் அவன் கத்தினான்."

மேசை முழுக்க ஒரு சலசலப்பு. அம்ப்லார் கோபப்படவில்லை. வருத்தத்தோடு சிரித்தார். "அம்மா, எதுக்கு இந்தப் பொய்? நான் உன் வீட்டுல ஒரு வாய்கூட சாப்பிடல. நான் வந்தது வேலையா. என் ஆத்துமா சாட்சியா சொல்றேன்."

அவர் நிஜமாகவே அப்படித்தான் நம்பினார்.

என்னைக் கேட்டார்கள். "பாத்தேன் ஐயா. சூப்பத் தொடல. தொத்திறைச்சி மூணு துண்டு" என்றேன். குரல் கீச்சென்று வந்தது.

"ரெண்டு பேரும் ஒரே சந்துக்காரங்க" என்றார் ஒரு மூப்பர், மேசையைப் பார்த்துக்கொண்டே.

"அவதூறுக்கு என்ன தண்டனைன்னு உனக்குத் தெரியுமா?" என்றார் தலைவர் மெர்மெத்திடம்.

"தெரியும் ஐயா."

"இப்பவும் அதேதான் சொல்றியா?"

"சாப்பிட்டாரு ஐயா. ரசிச்சுதான் சாப்பிட்டாரு."

யாரோ இருமினார்கள். கோடியில் உட்கார்ந்திருந்த வயதான போதகர் ஒருவர், அதுவரை கண்ணை மூடியிருந்தவர், மெதுவாகக் கேட்டார்: "சகோதரர் அம்ப்லார், செவ்வாய்க்கெழம மத்தியானம் நீங்க எங்க சாப்பிட்டீங்க?"

"வீட்டுலதான்" என்றார் அம்ப்லார் உடனே. பிறகு, "இல்ல. செவ்வாய்க்கெழம என் மனைவி அவ தங்கச்சி பிரசவத்துக்குப் போயிருந்தா. வீட்டுல அடுப்பே மூட்டல. நனஞ்சு வந்து அப்படியே படுத்துட்டேன். பசிக்கல…" என்று நிறுத்தினார்.

அன்றைய சாப்பாட்டு வேளைகளை விரலை மடக்கி எண்ணினார். மறுபடி எண்ணினார். நெற்றியில் வியர்வை வந்தது. மேசையைச் சுற்றிப் பார்த்து, தொலைந்துபோன ஆள் வழி கேட்கிற குரலில் கேட்டார்:

"அப்ப நான் எங்கதான் சாப்பிட்டேன்?"

"எங்க வீட்டுல ஐயா" என்றாள் மெர்மெத். குரலில் ஜெயித்த தொனி இல்லை. சாப்பிட வந்தவருக்குப் பதில் சொல்கிற குரல்தான். "மூலைப் பலகையில. பெருஞ்சீரகம் பல்லுல கடிபட்டிருக்கும் பாருங்க."

அம்ப்லார் நாக்கால் பல்லைத் துழாவியதை நான் பார்த்தேன். அப்புறம் அவர் செய்ததை இந்த ஊரில் யாரும் அதற்கு முன் பார்த்ததில்லை. எழுந்தார். மேசையைச் சுற்றி வந்தார். தொப்பியைக் கழற்றி, எங்கள் மூவருக்கும் பக்கத்தில், குற்றவாளிகள் நிற்கிற இடத்தில் வந்து நின்றார்.

"உண்மைதான்" என்றார். "சாப்பிட்டேன். மத்தவங்க வாயப் பாத்துட்டே என் வாய மறந்துட்டேன்."

ரொலேக்குச் சந்தோஷத்தில் ஏப்பம் போல ஒரு சத்தம் வந்தது. அவன் காலை மிதித்தேன். நாங்கள் தப்பித்தோம் என்று நினைத்தேன். அப்போதுதான் 'ஒரே சந்துக்காரங்க' என்ற அந்த மூப்பர் விரலைத் தூக்கினார்.

"அப்படின்னா இந்தம்மா ஜெபம் பண்ணாதவருக்குத் தட்டு வச்சிருக்கா. வச்சதோட, அவரப் பத்திப் புகாரும் சொல்லல. ரெண்டு விதியும் மீறியாச்சு. வீட்ட எடுத்துடணும்."

அவள் தன் வாயாலேயே தன் குற்றத்தை நிரூபித்துவிட்டாள். எழுத்தர் பேனாவை மையில் தொட்டுக்கொண்டார். தலைவர் மெர்மெத்தைப் பார்த்தார். "ஏன் புகார் சொல்லல?"

ஒரு கணம் அடுப்பு போயிற்று என்றே நினைத்தேன். பிறகு மெர்மெத்துக்குக் கோபம் வந்தது. அடுப்படிக் கோபம்.

"யார்கிட்ட ஐயா சொல்றது? 'பகுதி மூப்பர்கிட்ட சொல்லணும்'னு செவுத்துல ஆணியடிச்சு மாட்டியிருக்கீங்க. எனக்குப் படிக்கத் தெரியாது, ஆனா கேட்டு மனப்பாடம் பண்ணி வச்சிருக்கேன். எங்க பகுதி மூப்பர் இவரு. இவரு சாப்பிட்டத இவர்கிட்டயே போய், 'ஐயா, நீங்க சாப்பிட்டீங்க'ன்னு புகார் குடுக்கறதா? அவரு அத எழுதி, அவரையே அழைச்சு, அவரே எதிர்ல ஒக்காந்து விசாரிப்பாரா? அதுக்கு ஒரு வழி எழுதியிருந்தீங்கன்னா நான் தப்பு."

முதலில் சிரித்தது எழுத்தர்தான். மை கொட்டியது. வயதான போதகர் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டார். என் பக்கத்தில் நின்ற அம்ப்லார்கூட, தொப்பியைப் பிசைந்துகொண்டே, "அவ சொல்றது சரிதான். வழி இல்ல" என்றார்.

எங்களை வெளியே நிற்கச் சொன்னார்கள். உள்ளே குரல் ஏறி இறங்கியது. மெர்மெத் என் தோளை இறுக்கிய இறுக்கில் மறுநாள் நீலம் பாரித்திருந்தது. கூப்பிட்டார்கள். ரொலேக்கு, ஜெபம் நடக்காத நேரத்தில் ஆமென் சொன்னதற்குக் கண்டிப்பு. அம்ப்லாருக்கு, அவரே கேட்டுக்கொண்டபடி, எல்லார் முன்னிலையிலும் கண்டிப்பு. மூப்பர்மேல் புகார் என்றால் பக்கத்துப் பகுதி மூப்பரிடம் சொல்லலாம் என்று விதியில் ஒரு வரி சேர்ப்பு. சாப்பாட்டு வீடு மெர்மெத்திடமே இருக்கும்.

அவள் அழவில்லை. "பட்டாணியப் போட்டுட்டு வந்தேன், அடிபிடிச்சிருக்கும்" என்று சொல்லிவிட்டு மேட்டிலிருந்து இறங்க ஆரம்பித்தாள். ரொலேயும் நானும் பின்னால் ஓடினோம். மூச்சு வாங்கச் சிரித்துக்கொண்டே ஓடினோம். பாலத்தில் மீன்காரிகள் எல்லாம் ஒதுங்கி வழிவிட்டார்கள்.

எங்களுக்கு முன்னால் செய்தி வந்திருந்தது. சந்து முழுக்கக் கூட்டம். சவோய்ப் பக்கம் குடிக்கப் போய்க்கொண்டிருந்தவர்கள்கூட. எல்லாருக்கும் மூப்பர் உட்கார்ந்த அந்தப் பலகையில் உட்கார்ந்து, அதே தொத்திறைச்சியைச் சாப்பிட வேண்டும். நான் முந்தி நீ முந்தி என்று தள்ளிக்கொண்டு உள்ளே நுழைந்தார்கள். ஒருவன் உட்காரும் முன்பே ரொட்டியைக் கிள்ளினான்.

மெர்மெத் கரண்டியால் அவன் விரலில் ஒரு போடு போட்டாள்.

"கைய எடுடா! மூப்பருக்கே இங்க சலுகை கெடையாது" என்றாள். பிறகு அடுப்பில் இருந்த பானையின் மூடியைத் தொடாமல், இடுப்பில் கை வைத்துக்கொண்டு, நாற்பது பேரும் முணுமுணுப்பதை நிறுத்திவிட்டு வாய் திறந்து, கேட்கிற குரலில் ஜெபம் சொல்லும்வரை நின்றாள்.