முடிவுவரை பார்த்த ஒரே படம்

"பெரியம்மா விடிய எழும்பல்ல" என்று தொலைபேசியில் சொன்னாள் ஜெசி அக்காவின் பெறாமகள், அவர் தங்கையின் மகள். சண்டை முடிந்து சில கிழமைகள்தான். வன்னியிலிருந்து வந்த சாவுச் செய்திகளைக் கேட்டுக் கேட்டு மரத்துப்போயிருந்தேன். ஒருவர் தன் கட்டிலில் படுத்தபடியே இறந்தார் என்பதுதான் புதினமாக இருந்தது. "ஓம், வாறன்" என்று சொல்லிவிட்டு, ஊற்றிய தேத்தண்ணியைக் குடித்து முடித்துத்தான் வெளிக்கிட்டேன்.

தபால் கந்தோரில் அவரோடு வேலை செய்த உங்களுக்கு அவரைத் தெரியும். முத்திரை விற்கும் யன்னலுக்குப் பின்னால், மடியில் எப்போதும் ஒரு நாவல். அந்த நாவலைப் படமாக எடுத்திருந்தால் எங்கள் இருவருக்கும் கொண்டாட்டம். சனிக்கிழமை வேலை முடிந்ததும் பஸ் நிலையத்தடிக் கடையில் டிஸ்க் எடுத்துக்கொண்டு, வாவிக்கரையால் நடந்து அவர் வீட்டுக்குப் போவோம். அவணில் பட்டர் கேக் வேகும். மணிக்கூட்டை அவர் நம்பமாட்டார். ஈர்க்கைக் குத்தி, மா ஒட்டாமல் வந்தால்தான் இறக்குவார். புத்தகத்தில் எதை வெட்டினார்கள், எதை மாற்றினார்கள் என்ற எங்கள் வழக்கு பொழுதுபடும்வரை நடக்கும். "கதைய வெட்டினா வெட்டட்டும் கா, கேக்க ஒழுங்கா வெட்டணும்" என்பார்.

அவருடைய கணவர் செல்வம் அண்ணனுக்குப் படம் என்றால் அரை மணித்தியாலம்தான். பிறகு சைக்கிளைத் துடைக்கப் போய்விடுவார். "இந்த மனிசன் ஒரு படத்தின்ட முடிவையும் கண்டதில்ல" என்பது ஜெசி அக்காவின் தீராத முறைப்பாடு.

2004 டிசம்பரில், அந்த நத்தாரன்றும் நான் ஒரு டிஸ்க்கோடு போனேன். கேக் தட்டுகளை அன்றைக்கே வீடு வீடாகக் கொடுத்து முடிப்பது அவர்களின் வழக்கம். பின்னேரம் ஒரு தட்டுத்தான் மிச்சம், கடற்கரையோரம் நாவலடியில் இருந்த அண்ணனின் கூட்டாளி வீட்டுக்கு. படம் பாதியில் அண்ணன் தட்டைத் துணியால் மூடிக்கொண்டு எழும்பினார். நான்தான் மறித்தேன்.

"முடிவப் பாத்துட்டுப் போங்க அண்ணன். நாளைக்கு விடியக் குடுக்கலாம்தானே."

அவர் சிரித்துக்கொண்டு இருந்துவிட்டார். விடியத் தட்டோடு போனார். அன்று காலைதான் கடல் வந்தது. அந்த வீடும் இல்லை, அவரும் கிடைக்கவில்லை.

நான் மறிக்காவிட்டால் அவர் இருந்திருப்பார். இதை ஜெசி அக்காவிடம் சொல்ல எத்தனையோ தரம் வாயெடுத்து விழுங்கினேன். ஒரு வருடம் அவர் அவணைத் தொடவில்லை. பிறகு ஒரு சனிக்கிழமை அவராகவே, "டிஸ்க் ஒண்டு எடுத்துட்டு வா கா" என்றார். நான் கொண்டுபோன படத்தின் மூலப் புத்தகத்தில் ஒரு தோணிக்காரன் ஆற்றோடு போய்விடுவான். படத்தில் அவனை உயிரோடு திரும்பக் கொண்டுவந்திருந்தார்கள். வழக்கம்போலத் திட்டப்போகிறார் என்று பார்த்திருந்தேன்.

"விடு கா. இதிலயாவது வரட்டும்" என்றார்.

அப்போதாவது சொல்லியிருக்கலாம். எனக்குத் துணிவில்லை. கேக்கை வாயில் வைத்துக்கொண்டேன்.

செத்த வீட்டில், பெட்டிக்குப் பக்கத்தில் இருந்த பெறாமகளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள்.

"அது பெரியம்மாக்குத் தெரியாதா? அத நெடுகச் சொல்லுவா. நீங்க மறிச்சதாலதான், அந்த மனிசன் தனக்குப் பக்கத்தில இருந்து ஒரு படத்த முடிவு வரைக்கும் பாத்தார் எண்டு."

ஜெசி அக்காவிடமிருந்து நான் வைத்திருப்பது அந்த ஒரு வசனத்தைத்தான். அழுகை இன்னும் வரவில்லை. போன சனிக்கிழமை பட்டர் கேக் செய்தேன். ஈர்க்குச் சுத்தமாக வந்தது. ஒழுங்காக வெட்டி, தட்டைத் துணியால் மூடி, அன்றைக்கே பக்கத்து வீட்டில் கொடுத்தேன். திரும்பி வந்து ஒரு படத்தைப் போட்டு, முடிவுவரை இருந்து பார்த்தேன்.